போகிறவர்களும் இருக்கிறவர்களும்

எங்கள் ஊர் தக்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். ஒரே ஒரு தெரு. அதன் மேற்குக் கோடியில் ஓடு வேய்ந்த பழைய பள்ளிவாசல். அதை ஒட்டி மதரஸாவும் மையவாடியும். ஒரு காலத்தில் எழுபது குடும்பங்கள் வாழ்ந்த அந்தத் தெருவில் இன்று விளக்கெரியும் வீடுகள் இருபதுக்கும் குறைவு. இளைஞர்கள் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். ஊரில் நிலையாக வசிக்கும் ஆண்கள் நாற்பது பேர் கூடினால்தான் ஜும்ஆ தொழுகை நிறைவேறும் என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். அந்த நாற்பதை எண்ணி நிறைப்பதே பெரும்பாடாகிப் போயிற்று.

2022-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'மஹல்லாவின் எதிர்காலம் குறித்துக் கலந்து பேசப் பொதுக்கூட்டம்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்தபோது என் உள்ளம் நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் பாய்ந்தது. இதே சொற்களை நான் முன்னொரு நாள் மட்டாஞ்சேரியில் ஒரு யூதப் பெரியவரின் வாயால் கேட்டிருந்தேன். அவர் சொன்னது அவருடைய சமுதாயத்தைப் பற்றி. ஆனால் அது எங்கள் கதையாகவும் ஒரு நாள் வந்து நிற்கும் என்று அன்று நான் நினைக்கவில்லை.

என் தாய்மாமா மலைச்சரக்கு வியாபாரி. எங்கள் பக்கத்து மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பையும் மிளகையும் வாங்கி, மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் விற்பார். 1981-இல் எனக்கு இருபத்து நான்கு வயது. படித்துவிட்டு வேலையின்றி இருந்த என்னை, "கணக்காவது எழுதப் படி" என்று சொல்லி உடன் அழைத்துச் சென்றார். மலையாளம் எங்களுக்கு அயல்மொழியன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்ததுதானே!

மட்டாஞ்சேரியில் யூதத் தெரு என்று ஒரு தெரு உண்டு. இருமருங்கும் சரக்கறைகள். உலர்ந்த இஞ்சியும் மிளகும் ஏலமும் கலந்த நெடி மூக்கைத் துளைக்கும். தெருவின் கோடியில் மணிக்கூண்டோடு நிற்கிறது பரதேசி யூதப் பள்ளி. 1568-இல் கட்டப்பட்டது அது. மணிக்கூண்டு 1760-இல் எழுப்பப்பட்டது. உள்ளே சீனத்திலிருந்து வந்த நீலப்பூச் சதுர ஓடுகள் தரையெங்கும் பதிக்கப்பட்டிருக்கின்றன. கூரையிலிருந்து கண்ணாடி எண்ணெய் விளக்குகள் தொங்குகின்றன. நடுவே பித்தளைக் கம்பி வேலியிட்ட மேடையிலிருந்து வேதம் ஓதுவார்கள். மறைச்சுருள்கள் வைக்கும் பேழை மேற்குச் சுவரில் இருக்கிறது. அவர்களுடைய கிப்லாவான ஜெரூசலம் அத்திசையில் இருப்பதே காரணம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தபோது எனக்கு ஏதோ பழகிய இடத்திற்குள் போவது போன்ற உணர்வே ஏற்பட்டது.

நாங்கள் சரக்கு இறக்கிய கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் ஓர் யூதர். எர்ணாகுளத்துக்காரர், நாள்தோறும் படகில் ஏறி வேலைக்கு வருவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மாமாவை அவர் 'இக்கா' என்பார். மாமா அவரைச் 'சேட்டன்' என்பார். என்னை 'மோனே' என்று அழைத்து, பேரேட்டில் பதிவது எப்படி என்று பொறுமையோடு கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

ஒரு நாள் ஊரின் பெயரைக் கேட்டுவிட்டு, "உங்கள் பக்கம் முஸ்லிம்களின் தெருவுக்கு அஞ்சுவண்ணம் என்று பெயர் உண்டாமே, மெய்தானா?" என்று வினவினார். உண்டு என்றேன். தக்கலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. தோப்பில் முஹம்மது மீரான் பின்னாளில் 'அஞ்சுவண்ணம் தெரு' என்று ஒரு நாவலே எழுதினார். கணக்குப்பிள்ளை புன்னகைத்தார். "அது எங்களுடைய பெயரும்தான்" என்றார்.

அவர் கூறியது பொய்யன்று. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினான். பகல் விளக்கு, பல்லக்கு, குடை என எழுபத்திரண்டு உரிமைகளோடு 'அஞ்சுவண்ணம்' என்ற பேற்றையும் அளித்தான். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தச் செப்பேட்டை யூதர்கள் இன்றளவும் போற்றி வருகிறார்கள். அதற்கும் முந்தியது 849-ஆம் ஆண்டின் கொல்லம் செப்பேடு. தரிசாப்பள்ளி என்ற கிறித்தவக் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடை அது. அதிலும் அஞ்சுவண்ணம் பேசப்படுகிறது. அதன் இறுதியில் சாட்சிகள் அரபு எழுத்திலும் பஹ்லவி எழுத்திலும் ஹீப்ரு எழுத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். முஸ்லிமும் பார்சியும் யூதரும் ஒரு கிறித்தவக் கோயிலின் கொடைக்குச் சாட்சி நின்ற காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! இராமநாதபுரக் கரையோரம் தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணத்தார் இடம்பெறுகிறார்கள். கடல் கடந்து வந்த வணிகரின் கூட்டமைப்புக்கு வழங்கிய பெயர் அது என்றும், சபை என்னும் பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

இந்த உறவு எப்போதும் இனிமையாகவே இருந்தது என்று எழுதினால் அது உண்மைக்கு மாறு. 1524-இல் கொடுங்கல்லூரில் முஸ்லிம்கள் யூதர்களைத் தாக்கியதும், அவர்கள் கொச்சி அரசரிடம் அடைக்கலம் புகுந்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளன. மக்தூம் குடும்பத்து ஆலிம் ஒருவர் அரபியில் எழுதிய 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' நூலிலும் அச்சண்டை இடம்பெற்றிருக்கிறது. நம்மவர் செய்ததை நம்மவரே எழுதி வைத்தார்கள் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. பின்னர் போர்த்துக்கீசியர் இரு சாராரையுமே வாட்டினர். 1662-இல் பரதேசிப் பள்ளியும் அவர்கள் கையால் சேதமுற்று, டச்சுக்காரர் வந்தபின் மீண்டும் சீரமைக்கப்பட்டது.

கணக்குப்பிள்ளையின் பேச்சில் 'யோகம்' என்ற சொல் அடிக்கடி வரும். நாம் ஜமாஅத் என்பதை அவர்கள் யோகம் என்பார்கள். அவர்களுக்கு எட்டுப் பள்ளிகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் பரதேசி, கடவும்பாகம், தெக்கும்பாகம் என மூன்று; எர்ணாகுளத்தில் கடவும்பாகம், தெக்கும்பாகம் என இரண்டு; சேந்தமங்கலம், பறவூர், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு யோகம். ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிற்காலத்தில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பரதேசிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஏறத்தாழ நூறு பேர். தொன்றுதொட்டு வாழ்ந்த மலபார் யூதர்களோ ஏனைய ஏழு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். 1950-ஐ ஒட்டி எல்லாருமாகச் சேர்ந்தும் ஏறத்தாழ 2,500 பேர்தான்.

"இவ்வளவு சிறிய கூட்டம், ஒன்றாய்க் கூடிப் பேசுவதில் என்ன சிரமம்?" என்று ஒருமுறை நான் அறியாமல் கேட்டுவிட்டேன்.

"மோனே, ஒன்றாய்ப் பேச வேண்டுமானால் முதலில் ஒன்றாய் உட்கார வேண்டும். நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை" என்றார் அவர்.

அதன்பின் அவர் விவரித்தது என்னைத் திடுக்கிட வைத்தது. பரதேசி யூதர் மலபார் யூதரோடு மணவுறவு கொள்வதில்லை. அது மட்டுமன்று, பரதேசிப் பள்ளியைச் சேர்ந்தவர்களிலேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு உள்ளே அமர உரிமையில்லாமல் இருந்தது. அவர்கள் வாயிற்புறத்து அறையில் தரையில் உட்கார வேண்டும். அந்த வகுப்பில் பிறந்தவர்தான் ஆபிரகாம் பராக் சேலம் என்ற வழக்கறிஞர். 1882-இல் பிறந்து 1967-இல் மறைந்தவர். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். தொழிலாளர்க்காகவும் நாட்டு விடுதலைக்காகவும் குரல் கொடுத்தவர். அவர் காந்தியடிகளின் வழியில் தம் சொந்தப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். அமரக் கூடாது என்ற இடத்தில் தம் மக்களோடு அமர்ந்தார். ஆண்டுகள் பல உருண்டபின் அந்தத் தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. யூதக் காந்தி என்று மக்கள் அவரை அழைத்தது இதனால்தான்.

ஏகத்துவத்தை நம்பும் ஒரு சமுதாயத்தில், இறைவனின் வீட்டுக்குள் இப்படியொரு கோடு கிழிக்கப்பட்டிருந்ததா என்று வியந்தேன். மாமா என் காதோடு, "நம்ம ஊரில் பெண் கேட்கப் போகும்போது என்னவெல்லாம் விசாரிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

1948-இல் இஸ்ரேல் என்ற நாடு உருவானபோது, இறுதியில் ஜெரூசலத்துக்குத் திரும்புவோம் என்று தலைமுறை தலைமுறையாகத் தொழுகையில் கேட்டு வந்த மலபார் யூதர்கள் கிளர்ச்சியுற்றார்கள். இந்த மண்ணில் அவர்களை எவரும் துரத்தவில்லை. அரசரும் மக்களும் ஆயிரம் ஆண்டுகளாக அவர்களை மதித்தே வந்தனர். ஆயினும் வறுமை இருந்தது, பக்தியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழைக்கும்போது யாரால் மறுக்க முடியும்?

எர்ணாகுளத்தில் தங்கள் யோகம் கூடிய இரவுகளைக் கணக்குப்பிள்ளை எனக்கு வருணித்திருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்தோரு வயது. மாலைத் தொழுகை முடிந்தபின் விளக்குகளை அணைக்காமல் ஆண்கள் கீழே அமர்ந்தார்கள். பெண்கள் மேல்மாடத்து மரச் சாளரத்தின் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று இரவுகள் பேசினார்கள். வீட்டை யாருக்கு விற்பது, கடனை எப்படித் தீர்ப்பது, எந்தக் குடும்பம் முதலில் போவது, மறைச்சுருள்களை எப்படிக் கொண்டு செல்வது, அங்கே என்ன தொழில் செய்வது என்று பேசினார்கள். மீன் விற்றவர்களும் முட்டை விற்றவர்களும் அங்கே உழவர்களாக வேண்டும் என்றார்கள். பெரியவர் ஒருவர், "இங்கே கிடக்கும் கபுருகளை யார் பார்ப்பது?" என்று கேட்டார். அதற்கும் ஒரு விடை கண்டார்கள்.

"மூன்று இரவும் போவதைப் பற்றியே பேசினோம். இருக்கப் போகிறவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இருப்பவர் என்று யாரும் உண்டென்றே அவர்கள் நினைக்கவில்லை" என்றார் கணக்குப்பிள்ளை. சற்று நிறுத்தி, "என் உம்மா மேலே உட்கார்ந்திருந்தாள்" என்றார். உம்மா என்ற சொல்லை அவர் எங்களுக்காகவே வேண்டுமென்று பயன்படுத்தினார் என்று நினைக்கிறேன்.

அவருடைய தாயாருக்கு யானைக்கால் நோய். கொச்சிக் கரையில் அந்நாளில் அது பரவலாகக் காணப்பட்ட பிணி. அது தங்கள் நாட்டில் பரவிவிடும் என்று அஞ்சிய இஸ்ரேலிய அதிகாரிகள், கொச்சி யூதரின் குடியேற்றத்தைச் சில ஆண்டுகள் தாமதப்படுத்தினார்கள். இதற்குள் பல குடும்பங்கள் உடைமைகளை விற்றுவிட்டு, போகவும் இயலாமல் இருக்கவும் இயலாமல் தவித்தன. 1953-இல் சேலம் அவர்களே இஸ்ரேலுக்குச் சென்று இம்மக்களுக்காக வாதாடினார். அதன்பின் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் பெருந்தொகையினர் பம்பாய் வழியாக விமானமேறினர். நெகேவ் பாலைநிலத்து நெவாத்தீம் முதலிய ஊர்களில் குடியமர்ந்தனர். சேலம் தாம் பிறந்த மண்ணை விட்டுப் போகவில்லை. இங்கேயே இருந்து இங்கேயே மறைந்தார்.

கணக்குப்பிள்ளையின் தம்பிமார் இருவரும் போனார்கள். தாயின் காலைப் பார்த்து மருத்துவர் என்ன சொல்வாரோ என்ற அச்சத்தில் தாய் பரிசோதனைக்கே வர மறுத்துவிட்டார். தாயை விட்டுப் போக இவருக்கு மனம் வரவில்லை. தாயின் காலடியில் சுவர்க்கம் இருக்கிறது என்பது நமக்குப் போதிக்கப்பட்டது. போதிக்கப்படாமலேயே அதன்படி நடந்தவர் அவர்.

1963-இல் அந்த அம்மையார் காலமானார். யூதர் மரபில், இறந்தவர்க்காகப் பிள்ளை ஓத வேண்டிய கத்தீஷ் என்ற துதியைப் பருவமடைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடியிருந்தால்தான் ஓத முடியும். "எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர் இருந்தோம்" என்றார். பத்தாமவருக்காக மட்டாஞ்சேரிக்குப் படகு போயிற்று. படகு திரும்பும்வரை மையத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடையில் மூட்டை சுமக்கும் முஸ்லிம் தொழிலாளர் நால்வர் கேள்விப்பட்டு ஓடி வந்து, தொப்பியை அணிந்துகொண்டு வாசலில் நின்றார்களாம். "பத்தில் அவர்களைச் சேர்த்து எண்ண முடியாது, மோனே. ஆனால் தூக்கும்போது தோள் கொடுத்தார்கள்."

அந்த வரியை அவர் சொன்ன மாலையில் நாங்கள் சரக்கறை வாசலில் அமர்ந்திருந்தோம். மாமா எழுந்து போய்க் கைகளைக் கழுவிக்கொண்டு அஸருக்கு நின்றார். அன்று அவர் துஆவில் வழக்கத்தைவிட நெடுநேரம் இருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. அவர்கள் போய்ச் சேர்ந்த நாடு ஆளற்ற நாடன்று. 1948-இல் ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீன மக்கள் வீடும் நிலமும் இழந்து அகதிகளாயினர். அவர்கள் தெருக்களின் எதிர்காலத்தை முடிவு செய்ய எந்தச் சபையும் கூட்டப்படவில்லை. எவரும் அவர்களைக் கேட்கவில்லை. அந்தத் துயரம் இன்றும் தீரவில்லை. இதைக் கணக்குப்பிள்ளையிடமே நான் ஒருமுறை சற்றுச் சூடாகக் கேட்டேன். இளமையின் வேகம்! அவர் சினம் கொள்ளவில்லை. "போனவர்கள் எளிய மனிதர்கள். அங்கே யாருடைய அடுப்பு அணைந்தது என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்" என்றார். வீடிழப்பின் வலியை அறிந்தவரின் வாயிலிருந்து வந்த சொல் அது. அதற்கு மேல் வாதாட எனக்கு நாவெழவில்லை.

1968 டிசம்பரில் பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. ஆனால் விழாக்களால் ஆட்களைப் பிறப்பிக்க முடியாது. பரதேசிகளும் ஒவ்வொரு குடும்பமாகப் போய்விட்டார்கள். தங்கியவர்கள் முதுமை எய்தி மறைந்தார்கள். அவர்களில் சாரா கோஹன் என்ற மூதாட்டி, யூதத் தெருவில் தையற்பூ வேலைப்பாடுகள் விற்கும் கடை வைத்திருந்தார். 2019-இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார். பிள்ளையற்ற அவரை இறுதிவரை பார்த்துக்கொண்டதும், அந்தக் கடையைக் காத்து நடத்தியதும் ஒரு முஸ்லிம் சகோதரர். தெருவில் அஞ்சலட்டை விற்றுத் திரிந்த சிறுவனாக அந்த வீட்டில் அறிமுகமானவர் அவர். இந்தச் செய்தியைப் பத்திரிகைகளில் படித்தபோது, 1963-இல் தோள் கொடுத்த அந்த நால்வரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

எட்டுப் பள்ளிகளின் கதி பலவாறாயிற்று. மட்டாஞ்சேரி கடவும்பாகத்தின் மரவேலைப்பாடுகள் ஜெரூசலத்திலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே எஞ்சி நின்ற வெறுங்கட்டடம் 2019-இன் மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சேந்தமங்கலத்துப் பள்ளியும் பறவூர்ப் பள்ளியும் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாயின. மாளை யூதர்கள் 1955-இல் புறப்படும் முன்னர் தங்கள் பள்ளியையும் கபுருஸ்தானையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்து, அவற்றைக் காக்க வேண்டும் என்று உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியில் நெஹமியா மோத்தா என்ற மகானின் கபுரில் இன்றும் பல சமயத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கட்டடங்களுக்கும் கபுருகளுக்கும் விடை கண்டார்கள். ஆனால் படுக்கையில் கிடந்த ஒரு தாய்க்கு விடை காணப்படவில்லை.

இவை யாவும் நெஞ்சில் அலைமோத, நான் எங்கள் ஜமாஅத்துக் கூட்டத்துக்குப் போனேன்.

நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். ஜும்ஆவை நிறுத்திவிட்டு அனைவரும் பெரிய ஊர்ப் பள்ளிக்குப் போய்விடலாம் என்றார் ஒருவர். மதரஸா நிலத்தை விற்று, வரும் தொகையைக் கொண்டு நகரத்தில் ஒரு மண்டபம் கட்டலாம் என்றார் மற்றொருவர். வரைபடம்கூடக் கொண்டு வந்திருந்தார்கள். நன்றாகவே பேசினார்கள், எவர் நெஞ்சிலும் கெட்ட எண்ணமில்லை.

நானும் அவர்களில் ஒருவன்தான். அதை மறைக்க மாட்டேன். என் மூத்த மகன் சென்னையில் வீடு வாங்கிவிட்டான். அவனோடு போய்த் தங்க நானும் மனைவியும் தீர்மானித்து, சாமான்களைக்கூடக் கட்டத் தொடங்கியிருந்தோம். மண்டபத்துக்குக் கை உயர்த்துவதாக முன்பே ஒப்புக்கொண்டும் இருந்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய இரவு என் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். கணவரை இழந்தவர், வயது எழுபத்தெட்டு, மகள் கத்தரில். "நாளைக்கு என்ன பேசப் போறிய?" என்று கேட்டார். சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்து வைத்துவிட்டு, "நீங்க எல்லாரும் போற வழியப் பேசுதிய. நல்லதுதான். எனக்குச் சந்தூக்கு தூக்க ஊருல நாலு பேரு இருப்பாவளா தம்பி?" என்றார். கேட்டது அவர்தான். ஆனால் என் செவியில் விழுந்ததோ, மேல்மாடத்துச் சாளரத்தின் பின்னால் அமர்ந்திருந்த அந்த எர்ணாகுளத்துத் தாயின் குரல்.

ஆகவே கூட்டத்தில் என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். என் திட்டம் எதுவென்பதை முதலில் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். பிறகு, "இந்தத் தெருவை விட்டுப் போக இயலாதவர்கள் எத்தனை பேர்? முதலில் அவர்கள் பெயர்களை எழுதுவோம், அதன்பின் மண்டபத்தைப் பேசுவோம்" என்றேன். சிறிது நேரம் அமைதி. கணக்கர் ஏட்டைப் புரட்டினார். பதினேழு பேர் வந்தார்கள். அவர்களில் பதின்மூவர் பெண்கள். ஒருவரும் அன்றைய கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அழைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

அன்று முடிவேதும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் மதரஸாவில் திரை கட்டி, அந்தப் பதின்மூன்று பெண்களையும் வரவழைத்தோம். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள் இளைஞர்கள். அவர்கள் கேட்டவை எவ்வளவு சிறியவை! பாங்கு ஒலி நிற்கக் கூடாது. இரவில் நோய் கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும். ரமளானில் கஞ்சி காய்ச்ச வேண்டும். மையவாடிச் சுவர் இடிந்து கிடக்கிறது, கட்ட வேண்டும். மண்டபத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு கருத்தும் இல்லை.

ஜும்ஆ இப்போது பெரிய ஊர்ப் பள்ளியில்தான் நடைபெறுகிறது. சட்டத்தையும் எண்ணிக்கையையும் ஆசையால் மாற்றிவிட முடியாது. ஆனால் ஐவேளை பாங்கு எங்கள் பள்ளியில் ஒலிக்கிறது. மதரஸா நிலம் விற்கப்படவில்லை. சுவர் கட்டியாயிற்று. ஊரை விட்டுப் போகும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்புவதென்றும், முறைவைத்து ஆண்டுக்குச் சில நாட்கள் வந்து தங்குவதென்றும் ஏட்டில் எழுதி ஒப்பமிட்டோம். பக்கத்து ஊர் இளைஞர் சிலர், ஜனாஸா என்றால் வந்துவிடுகிறோம் என்று வாக்களித்து, அவ்வாறே வருகிறார்கள். இவையெல்லாம் எத்தனை காலம் நிலைக்கும் என்று யார் அறிவார்? அல்லாஹ்வே அறிவான். எங்கள் தெருவும் ஒரு நாள் பெயராக மட்டுமே எஞ்சலாம். ஆனால் எவரையும் கேட்காமல் கைவிட்டோம் என்ற பழி எங்கள் மீது இராது.

நான் சென்னைக்குப் போகவில்லை. மகன் வருந்தினான், பின்னர் புரிந்துகொண்டான். 2023-இல் ராத்தா மௌத்தானார். அன்று சந்தூக்கைத் தூக்க வந்தவர்கள் இருபத்தாறு பேர். நான் எண்ணினேன்.

அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள் கழிந்தபின் ஒருமுறை மட்டாஞ்சேரிக்குப் போய் வந்தேன். கணக்குப்பிள்ளை 1994-இலேயே மறைந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். மாமாவும் இப்போது இல்லை. நாங்கள் சரக்கு இறக்கிய கடை பழம்பொருள் விற்கும் கடையாகிவிட்டது. எர்ணாகுளத்திலே அவர் அடங்கியிருக்கும் இடத்துக்கு வழி கேட்டுச் சென்றேன். யூதர்கள் கபுருக்குப் பூ வைப்பதில்லை, ஒரு சிறு கல்லை வைப்பார்கள் என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். எங்கள் பள்ளிவாசல் முற்றத்திலிருந்து எடுத்துச் சென்ற ஒரு கூழாங்கல்லை அங்கே வைத்துவிட்டு, அவருக்கும் அவருடைய தாயாருக்கும் கடன்பட்டவன் என்ற நினைவோடு திரும்பினேன்.